பங்குனித் திங்களில் சுட்ட டோனட்

விரதம் பிடித்து வேலையைக் காப்பாற்றப் போய், அந்த விரதத்தாலேயே வேலையைப் பறிகொடுக்கப் பார்த்தவள் நான். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் முந்திக்கொண்டு வரும், யோசனை ஆறுதலாகப் பின்னால் வரும்.

யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் நான் கணக்கு டீச்சர். கடைசி வாங்கில் இருக்கிறவன் கொப்பியைத் திறந்திருக்கிறானா மூடியிருக்கிறானா என்று, கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்லுவேன். கணவருக்கு விசா கிடைத்து ஒக்லாந்துக்கு வந்த பிறகு, இங்கே டீச்சராக வேண்டுமானால் முதலில் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். அரைப் புள்ளியில் தவறிப் போனது.

“நீர் எத்தினை பிள்ளையளுக்கு அரைப் புள்ளி வெட்டியிருப்பீர்? அந்தப் பாவம்தான்,” என்றார் கணவர். அவர் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஊரில் அவரும் கந்தோரில் மேசை வேலையில் இருந்தவர்தான், ஆனால் எதையும் பகிடியாக்கிவிட்டுத் தூங்கப் போகத் தெரிந்த மனுசன். எனக்கு அது தெரியாது. நான் பரீட்சையையும் விட்டேன், வெளியே போவதையும் விட்டேன். பிளாட் புஷ் பகுதியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஆறு வருடம் இருந்தேன்.

மகள் படிக்க வெலிங்டனுக்குப் போனதும் வீடு மிகவும் சத்தமில்லாமல் போய்விட்டது. அப்போதுதான் பக்கத்துத் தெருவில் இருந்த குழந்தைகள் நிலையத்தில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். மூன்று மாதம் ட்ரையல், அதற்குப் பிறகு பிடித்தால் நிரந்தரம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஊரிலிருக்கும் தம்பிக்கு ஃபோனில் சொல்லும்போது, “சின்னப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில வேலை,” என்றேன். என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

அங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட நாற்பது பிள்ளைகள். ஆசிரியைகளை அவர்கள் ‘ஃபையா’ என்று கூப்பிடுவார்கள். மாவோரி மொழியில் அம்மாவுக்கும் சித்திக்கும் டீச்சருக்கும் பொதுவான மரியாதைச் சொல் அது. சமையல்காரிக்கும் அதே சொல்தான். முதல் நாள் ஒரு பொடிசு குசினி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “ஃபையா, இன்றைக்கு என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டது. மறுநாள் இரண்டு மூக்கு, அடுத்த கிழமை ஐந்து. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தே எனக்குக் கை ஓய்ந்தது. ஆறு வருடமாக என்னிடம் வந்து இன்றைக்கு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கணவர் கேட்க மாட்டார், எதைப் போட்டாலும் சாப்பிடுவார்.

இரண்டாவது மாதம் முடியும்போது அந்த வேலை எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும் அளவுக்கு வேண்டியிருந்தது. ஆனால் மனேஜர் நல்லதென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அறுபதை நெருங்கும் பெண், இந்த நாட்டிலேயே பிறந்தவர். நான் பரிமாறிவிட்டுக் குசினிக்குத் திரும்பும்போது என்னையே பார்ப்பார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், பிறகு பேசாமல் விட்டுவிடுவார். அந்தப் பார்வை எனக்குப் பயத்தைத் தந்தது.

ஆகவே அம்மனிடம் போனேன். பங்குனி மாதத்துத் திங்கட்கிழமைகளில் அம்மனுக்கு விரதம் இருப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். நாலு திங்களும் பின்னேரம் விளக்கேற்றும் வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படாமல் இருக்கிறேன், இந்த வேலையை நிரந்தரமாக்கித் தா என்று நேர்ந்துகொண்டேன்.

ஊரில் பங்குனி என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். காலையில் கார்க் கண்ணாடியில் பனி நீர் வழியும், மரங்கள் மஞ்சளாகும், கடையில் பூசணிக்காய் குவியும். வீடுகளின் கேற்றடியில் வாளி வாளியாக ஃபீஜோவாப் பழத்தை வைத்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதி வைப்பார்கள். கொய்யாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு பச்சைப் பழம், மணம் தெருவுக்கே வரும். முதல் வருடம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து நாலு பழம் எடுத்தேன். இப்போது பையோடு போகிறேன்.

எங்கள் நிலையத்தில் இலையுதிர் காலத்துக்கென்று ஒரு கிழமை முழுக்கக் கொண்டாட்டம் உண்டு. தொடக்க நாள் பெற்றோர்கள் காலைத் தேநீருக்கு வந்து பிள்ளைகளோடு உட்காருவார்கள். அந்த வருடம் அது மூன்றாவது பங்குனித் திங்களில் விழுந்தது. மனேஜர் குசினிக்கு வந்து, எல்லாருக்கும் டோனட் செய்ய முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். எண்ணெயில் பொரிக்கக் கூடாது. சீனி போடக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே முட்டை கூடாது. கொட்டை வகை ஒன்றும் கூடவே கூடாது. இத்தனையும் கழித்தால் டோனட்டில் மிஞ்சுவது நடுவில் இருக்கிற ஓட்டைதான். ஆனாலும், “ஓம், செய்யலாம்,” என்றேன். ட்ரையலில் இருக்கிறவள் வேறென்ன சொல்லுவாள்?

இரண்டு சனி ஞாயிறுகள் வீட்டில் செய்து பார்த்தேன். பாதி ஆட்டா மா, பாதிக்குக் கொஞ்சம் குறையக் கேழ்வரகு என்கிற குரக்கன் மா. அவித்து மசித்த பூசணிக்காய், கனிந்த வாழைப்பழம், பாலில் ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம். கறுவா, இரண்டு கராம்பு, கொஞ்சம் சாதிக்காய். எல்லாவற்றையும் டோனட் அச்சில் ஊற்றி ஓவனில் வைக்க வேண்டும். மேலே பூச ஃபீஜோவாவையும் ஆப்பிளையும் சேர்த்துக் காய்ச்சிய களி.

முதல் ஈடு கல்லு. கணவர் ஒன்றைக் கையிலெடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார்.

“இஞ்சரும், இதில நாலு எனக்குத் தாரும். ஃபோர்க்லிஃப்ட் சில்லு உருளாமல் முண்டு குடுக்கலாம்.”

“பேசாமல் திண்டு பாருங்கோ.”

“பல்லுக்கு இன்சூரன்ஸ் இருக்கே எண்டு முதல்ல பாரும்.”

இரண்டாவது ஈடு உள்ளே பச்சை. மூன்றாவதில் பேக்கிங் பவுடரைக் கூட்டினேன், பூசணியைக் குறைத்தேன். நாலாவது ஈட்டில் அவர் ஒன்றும் பேசாமல் மூன்று சாப்பிட்டார். அவர் பகிடி விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். “இனி ஒண்டையும் மாத்தாதேயும்,” என்று மட்டும் சொன்னார். நான் அளவுகளைக் கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை விடிய முழுகி, திருநீறு பூசி, தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். வீட்டு அளவை நாலால் பெருக்க வேண்டும். மா சரி, பூசணி சரி, பேரீச்சம்பழம் சரி. பேக்கிங் பவுடர் இரண்டு கரண்டி, பெருக்க எட்டு. டின்னைத் திறந்தால் அரைக் கரண்டிதான் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய போத்தல் நிறையப் பேக்கிங் சோடா இருந்தது. எங்கள் அப்பச்சோடா. வெள்ளையாக இருக்கிறது, மாவைப் பொங்க வைக்கிறது, பிறகென்ன என்று எட்டுக் கரண்டியையும் அளந்து, மட்டமாகத் தட்டிப் போட்டேன். ஊரில் ஒரு சட்டி அப்ப மாவுக்கு ஒரு சிட்டிகை போட்டவளின் கை எட்டாவது கரண்டியிலாவது நின்றிருக்க வேண்டும். பெருக்கல் சரியாக இருந்ததால் எல்லாமே சரியென்று நினைத்துவிட்டேன்.

வேறு நாளென்றால் மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்திருப்பேன். அன்று விரதம். அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. மணத்தை வைத்தே கறிக்கு உப்புச் சொல்லுகிறவள் என்று எனக்கு ஊரில் பெயர். ஓவனைத் திறந்தபோது கறுவாவும் பூசணியும் சேர்ந்து வந்த மணத்தில் ஆசிரியைகள் ஒவ்வொருவராகக் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் வந்ததைவிட நிறம் கொஞ்சம் கறுப்பு. குரக்கன் மா அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். முழங்கால் உயரக் கதிரைகளில் பெரிய பெரிய மனிதர்கள் மடங்கி உட்கார்ந்தார்கள். மேசையில் பிள்ளைகள் பொறுக்கி வந்த இலைகள். நான் தட்டுகளை வைத்துவிட்டு, வழமைபோலக் குசினி வாசலில் போய் நின்றேன்.

பெரிய பிள்ளைகளின் மேசையில் ஒரு நாலு வயதுக்காரி இருப்பாள். அவளுடைய அம்மா கோயம்புத்தூர். பிள்ளை இங்கே பிறந்தது, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவள் ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு வாயிலிருந்ததை அப்படியே உள்ளங்கையில் எடுத்து, ஒரு மஞ்சள் இலையின் மேல் வைத்தாள்.

“சோப்,” என்றாள்.

“ஷ், அப்படிச் சொல்லக் கூடாது. ஆன்ட்டி கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்க.” அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரொம்ப நல்லாருக்குக்கா. பட்டை வாசம் சூப்பரா இருக்கு.”

“அப்ப இன்னொண்டு எடுங்கோ,” என்று அவருடைய தட்டில் ஒன்றை வைத்தேன். பாவம், அதையும் கடித்தார்.

அந்த மேசையில் ஒரு பிள்ளைகூடச் சாப்பிடவில்லை. அடுத்த மேசையிலும் அப்படித்தான். ஒரு குழந்தை அழுதது. பெரியவர்கள் எல்லாரும் ‘லவ்லி’ என்றார்கள், ‘யம்’ என்றார்கள். ஒரு தகப்பன் ரெசிப்பி வேண்டும் என்றுகூடக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு நாவடக்கம் கிடையாது, சீனியில் ஊறின நாக்குகள், நல்ல சாமான் கொடுத்தால் துப்புகிறதுகள் என்று மனதுக்குள் ஒரு வகுப்பே எடுத்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நானோ ஆடினதையே பார்க்காமல் மேடையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு மேசைகளைத் துடைக்கப் போனேன். குப்பைக்கூடை நிரம்பி மூடி திறந்திருந்தது. அமத்தலாம் என்று பார்த்தால், உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துவாய்ப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். ஒரு கடி கடித்த டோனட். அடுத்ததிலும் ஒரு கடிதான். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். பெரியவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள், சிலர் மிக அழகாக மடித்தும் இருந்தார்கள். கூடைக்கு முன்னால் குந்தியிருந்தபடி, இவர்களுக்குத் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்று விளங்கியது.

தட்டில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்தேன். பதினைந்து வயதிலிருந்து பங்குனித் திங்களை நான் முறித்ததில்லை. நேர்த்தி வைத்த விரதம் வேறு. அம்மனே பொறுத்துக்கொள் என்று ஒரு துண்டு வாயில் போட்டேன்.

சவர்க்காரம். அந்தப் பிள்ளை சொன்ன அதே சொல். சவர்க்காரத்துக்குப் பின்னால் தகரத்தை நக்கினதுபோல ஒரு கசப்பு. விழுங்கவும் முடியவில்லை, விரதத்தை முறித்துவிட்டுத் துப்பவும் மனம் வரவில்லை. எட்டுக் கரண்டி என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, நான் அம்மனைப் பிடிக்கப் போய் அப்பச்சோடாவைப் பிடித்திருந்தேன்.

ஒளிக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். பெரியவர்கள் எல்லாரும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், பிள்ளைகளின் சொல்லை யார் எடுப்பார்கள்? ஆனால் உண்மையைச் சொன்னது அவர்கள்தான். அவர்களை நாவடக்கம் இல்லாதவர்கள் என்று திட்டிய வாயில் இன்னும் சவர்க்காரம் இருந்தது. தட்டோடு மனேஜரின் அறைக்குப் போனேன்.

“இது பிழையாகிவிட்டது,” என்றேன். “பவுடருக்குப் பதிலாகச் சோடா போட்டிருக்கிறேன்.”

“தெரியும். நான் ஒன்று முழுதாகச் சாப்பிட்டேன்,” என்றார் அவர்.

“ஏன் சொல்லவில்லை?”

“எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் ஏன் ருசி பார்க்கவில்லை?”

விரதத்தைப் பற்றிச் சொன்னேன். எதற்காக விரதம் என்று கேட்டார். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் முந்திவிட்டது.

“இந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்று.”

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து நான் ஒருவர் முன்னால் அப்படி அழுததும் இல்லை, அப்படிச் சிரித்ததும் இல்லை.

ஆனால் சிரித்ததோடு காரியம் முடியவில்லை. மத்தியானமே கடைக்கு ஓடிப்போய்ப் பேக்கிங் பவுடர் வாங்கிவந்து புதிதாகச் செய்தேன். முறிந்த விரதம் முறிந்ததுதானே என்று ருசியும் பார்த்தேன். நன்றாக இருந்தது. பின்னேரத் தேநீருக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை டோஸ்ட் கொடுத்தேன், கடைப் பாணும் பட்டரும்தான். அந்த நாலு வயதுக்காரி அதைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, “சோப்?” என்று கேட்டாள். மேசையிலிருந்த பத்துப் பேரும் டோஸ்ட்டைக் கீழே வைத்தார்கள். புதன், வியாழன் அதே கதை. ஜன்னலில் மூக்குகளும் குறைந்துவிட்டன. கண்ணாடி சுத்தமாக இருந்தது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டார். ட்ரையல் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

“ஒன்று கேட்கிறேன், குறை நினைக்காதீர்கள்,” என்றார். “மூன்று மாதமாக நீங்கள் ஒரு நாள்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆசிரியைகள் எல்லாரும் சாப்பிடுகிறோம். நீங்கள் மட்டும் வாசலில் நிற்கிறீர்கள். எங்களை உங்களுக்குப் பிடிக்கவில்லையா?”

மூன்று மாதமாக அந்தப் பார்வையில் இருந்தது இதுதான். நான் சமையலில் குறை தேடுகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். எங்கள் வீடுகளில் பரிமாறுகிறவள் கடைசியாகத்தான் சாப்பிடுவாள், அது மரியாதை என்று விளங்கப்படுத்தினேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. பட்டதாரி டீச்சர் ஒருத்தி அந்தக் குட்டிக் கதிரையில் சமையல்காரியாக உட்கார மாட்டாள் என்ற திமிரும் அந்த வாசலில் என்னோடு நின்றுகொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

“பிள்ளைகள் சாப்பிடாத சமையலுக்கு நான் ஆள் வைத்திருக்க முடியாது,” என்றார் மனேஜர். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார். “திங்கட்கிழமை அதே டோனட்டைச் செய்யுங்கள். கொண்டுவந்து அவர்களோடு உட்காருங்கள். சாப்பிடுகிறார்களா என்று பார்ப்போம். அதன் பிறகு முடிவெடுக்கிறேன்.”

திங்கட்கிழமை நாலாவது பங்குனித் திங்கள். கடைசி விரதம்.

சனி ஞாயிறு முழுக்க நான் கணவரின் உயிரை வாங்கினேன். மூன்றாவது திங்கள் முறிந்துவிட்டது, நாலாவதையும் முறித்தால் நேர்த்தி என்னாவது என்று.

“அம்மன் என்ன வகுப்பு டீச்சரே, இடாப்பில வரவு போட்டுக்கொண்டிருக்க?” என்றார் அவர். “பின்னேரம் முழுகிப்போட்டு மன்னிப்புக் கேளும். அவ உம்மைப்போல அரைப் புள்ளி வெட்டமாட்டா.”

அவர் சொன்னதற்குக் கோபப்பட்டேன். ஆனாலும் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். விரதத்தையும் பிடிப்பது, பிள்ளைகளோடும் உட்காருவது, முன்னால் ஒரு தட்டையும் வைத்துக்கொள்வது, ஆனால் சாப்பிடாமல் இருப்பது. ருசி பார்க்க ஒரு ஆசிரியையைக் கேட்பது. சட்டத்துக்குள் ஓட்டை தேடுகிற புத்தி யாரை விட்டது?

திங்கட்கிழமை எல்லாம் அப்படியே நடந்தது. புது டின்னில் கம்பனி முகவரியைத் தவிர மற்ற எழுத்தையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். வந்து ருசி பார்த்த ஆசிரியை இன்னொன்றும் கேட்டு வாங்கினார். பத்து மணிக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய பிள்ளைகளின் மேசைக்குப் போனேன். கதிரையில் உட்கார்ந்தபோது முழங்கால் நாடிக்கு வந்தது. பதினொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு டோனட் முன்னால் இருந்தது, ஒருவரும் தொடவில்லை. மனேஜர் கதவடியில் வந்து நின்றார்.

முதல் தடவை ஒரு வகுப்புக்குள் நுழைந்த நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

நாலு வயதுக்காரி தன்னுடைய டோனட்டைக் கையில் எடுத்தாள். மணந்து பார்த்தாள். மேசைக்குக் குறுக்கே எழும்பி நின்று, அதை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“யூ ஃபர்ஸ்ட்,” என்றாள்.

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். என்னுடைய தட்டிலிருந்த டோனட்டைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. கை நீட்டினபடி நின்றாள். அவளுக்கு என்னுடைய விரதமும் தெரியாது, வேலையும் தெரியாது. போன கிழமை இவள் தந்ததைத் தின்று வாய் கசந்தது, இந்தக் கிழமை இவளே முதலில் தின்னட்டும். அதைவிட நியாயமான ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவள் கையிலிருந்து ஒரு கடி கடித்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். மென்றதைப் பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தாள். பிறகு நான் கடித்த இடத்திலேயே தானும் ஒரு கடி கடித்தாள். ருசி பார்த்தால் எச்சில், எச்சில் பண்டத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அவள் இரண்டாம் கடியும் கடித்துவிட்டுத் தன் கதிரையில் உட்கார்ந்தாள்.

வேலை அன்று பின்னேரமே நிரந்தரமானது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கு மட்டுமல்ல. இது அங்கே எனக்கு மூன்றாவது இலையுதிர் காலம். இப்போது தம்பி கேட்டால் சமைக்கிறேன் என்று சொல்லுகிறேன். அந்த மனேஜருக்கு நன்றி, நேரே கேட்டதற்கு. அந்தப் பிள்ளைக்கு நன்றி, நேரே துப்பியதற்கு. அம்மனுக்கும் நன்றிதான்.

ஆனால் அந்தக் காலை அங்கே முடியவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்த பக்கத்துப் பிள்ளை, தன்னுடைய டோனட்டில் ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டியது. அதுவும் முதலில் நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டுமாம். அதற்கு அடுத்ததும் எழும்பி வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வரிசையே வந்துவிட்டது. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு துண்டு. சிறு விரல்கள், பூசணியும் ஃபீஜோவாவும் ஒட்டின விரல்கள், என் உதட்டில் பட்டுப் பட்டுப் போயின. அம்மா போனதிலிருந்து எனக்கு ஒருவரும் ஊட்டியதில்லை. கண் நிறைந்து, முன்னால் நிற்கிற பிள்ளையின் முகமே தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.